கோல் விழ வேண்டும் - ஒரு கோல்கீப்பரின் விண்ணப்பம்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் மாலை அமர்வில் பேசியது. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நான் நாலு வருஷம் இந்தக் கல்லூரி ஹாக்கி அணிக்கு கோல்கீப்பராக நின்றவன். "கோல் அதிகம் விழ என்ன செய்யலாம்" என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருடனைக் கூப்பிட்டு பூட்டு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்கிற மாதிரிதான். பரவாயில்லை, பூட்டைப் பற்றி அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்!

விஷயம் இதுதான். பழைய மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் வருஷா வருஷம் நடக்கிற ஹாக்கி ஆட்டம், போன வருஷம் 0-0. அதற்கு முந்தின வருஷமும் 0-0. போன தடவை இரண்டாம் பாதி தொடங்கும்போது பார்வையாளர்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் கேன்டீனிலிருந்து டீ கொண்டுவந்தவர்கள். மாணவர் அணித் தலைவர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "சார், இந்த வருஷம் செலக்‌ஷனுக்கு மொத்தமே பதிமூணு பேர்தான் வந்தாங்க. அடுத்த வருஷம் பதினொண்ணு தேறலைன்னா டீமையே எடுத்துடுவாங்கன்னு பேச்சு" என்றார். பி.டி. சார் பக்கத்தில்தான் நின்றார், மறுக்கவில்லை.

அதனால்தான் கமிட்டியில் இந்தப் பேச்சு எழுந்தது. மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, கோல்போஸ்ட்டை அகலமாக்குவது. இன்னொன்று, ஃபீல்டு கோலுக்கு இரண்டு என்று கணக்கு வைப்பது. மூன்றாவது, பதினொரு பேரே வேண்டாம், ஐந்து பேர் ஆட்டமாக்கிவிடுவது. மூன்றையும் ஏற்கெனவே உலகத்தில் யாரோ ஒருவர் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஆனால் விதியை மாற்றுவது ஏதோ பெரிய அபசாரம் என்று நினைக்கிற சீனியர்கள் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை. நான் மயிலாப்பூர்க்காரன். குளத்தங்கரைப் பக்கத்துச் சந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அங்கே காம்பவுண்டைத் தாண்டினால் சிக்ஸர் இல்லை, அவுட்! ஏனென்றால் பந்து மாமி வீட்டுக்குள் போனால் திரும்பி வராது. ஒரு கை கேட்ச், சுவரில் பட்டு வந்தால் கேட்ச், எல்லாம் உண்டு. அதே பையன்கள் தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டுக்குப் போனால் விதி வேறு. இடத்துக்குத் தகுந்த விதி. பத்து வயசிலேயே இதை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம், எந்தச் சம்மேளனத்திடமும் அனுமதி கேட்காமல்.

ஹாக்கியும் அப்படித்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1980 இல் மாஸ்கோவில் நம்ம சென்னை பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியதே, அந்த ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் மட்டை ஒன்று, பந்து ஒன்று, மற்றதெல்லாம் வேறு. அப்போது ஆஃப்சைடு உண்டு. எதிரணிப் பாதிக்குள் நுழைந்தாலே ஃபார்வர்டு ஆட்டக்காரர் தலையைத் திருப்பித் திருப்பி, தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஓடவேண்டும். 1987 இல் அதை 25 கஜக் கோட்டுக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள். 1996 இல் சோதனையாக எடுத்தே விட்டார்கள். 1998 இல் அது நிரந்தரமாயிற்று.

1996 எனக்கு மறக்காத வருஷம். அப்பா என்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் சாம்பியன்ஸ் டிராபி காட்டினார். எனக்கு ஒன்பது வயசு. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து பாகிஸ்தானை 3-2 என்று வென்றது. அப்பா தபால் ஆபீஸ் அணியில் ஃபுல்பேக் ஆடினவர். ஆஃப்சைடை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "என் சொத்துல பாதியைப் பிடுங்கிட்டாங்கடா!" சரியான நேரத்தில் இரண்டடி முன்னால் போய் ஃபார்வர்டை ஆஃப்சைடில் சிக்கவைப்பதுதான் அவருடைய கலை. அந்தக் கலையே ஒரு கையெழுத்தில் செத்துப் போயிற்று.

ஆனால் என்ன நடந்தது பாருங்கள். ஃபார்வர்டு நேரே போய் கோல் பக்கத்தில் நிற்கலாம் என்றானதும், தடுப்பாளர்களும் அவரோடு பின்வாங்க வேண்டியதாயிற்று. முன்பு எல்லோரும் நடுவில் நாற்பது ஐம்பது கஜத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது மைதானம் முழுக்க விரிந்தது. நடுவில் இடம் கிடைத்தது. பந்தை எடுத்து ஓட, திரும்ப, யோசிக்க ஒரு நொடி கிடைத்தது. அந்த விதி கோல் எதையும் நேரடியாகக் கொடுக்கவில்லை, இடத்தைத்தான் கொடுத்தது.

2009 இல் வந்த செல்ஃப் பாஸும் அதே ஜாதி. அதுவரை ஃப்ரீ ஹிட் கிடைத்தால் இன்னொருவருக்குத்தான் அடிக்கவேண்டும். அதற்குள் எதிரணி அணிவகுத்து நின்றுவிடும். இப்போது தனக்குத்தானே தட்டிக்கொண்டு ஓடலாம். தவறு செய்தவர் மூச்சு வாங்குவதற்குள் ஆள் பத்து கஜம் போய்விடுவார். கோல்கீப்பராகச் சொல்கிறேன், எனக்கு இதைவிடப் பயமான விதி வேறு இல்லை. நான் படித்த காலத்தில் இது இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம்.

இப்போது எதிர்ப்பக்கம். கோலை நேரடியாக விலைக்கு வாங்கப் பார்த்த விதிகள். 2013 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனம் 'ஓன் கோல்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே தடுப்பாளர் மட்டையில் பட்டு வலைக்குள் போனாலும் கோல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்களெல்லாம் என்ன செய்வார்கள்? வெளியில் இருந்தே கண்ணை மூடிக்கொண்டு பலமாக அடிப்பார்கள், எவன் காலிலோ மட்டையிலோ பட்டுப் போகட்டும் என்று. உள்ளே நிற்கிறவனின் பல்லுக்கு யார் பொறுப்பு? சில மாதம்கூடத் தாங்கவில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது நம் ஊர் உதாரணம். 2016 ஹாக்கி இந்தியா லீகில் ஃபீல்டு கோல் அடித்தால் ஒன்றுக்கு இரண்டு. நோக்கம் நல்லது, பெனால்டி கார்னரையே நம்பிக்கொண்டிருக்காமல் ஆடிக் கோல் போடட்டும் என்று. இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் வாரியர்ஸ் கலிங்கா லான்சர்ஸை 6-1 என்று வென்றதாக போர்டில் இருந்தது. ஆனால் பந்து ஆறு தடவை வலைக்குள் போகவில்லை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தீபாவளித் தள்ளுபடியில் விலையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு குறைக்கிற ரங்கநாதன் தெரு ஞாபகம்தான் வந்தது.

அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. 0-2 என்று பின்தங்கிய அணிக்கு கடைசி நிமிஷத்தில் பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் போட்டாலும் தோல்வி. பதற்றமே போய்விடுகிறது. 2024 பாரிஸில் இந்தியா ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியபோது நம்முடைய இரண்டு கோலும் ஹர்மன்பிரீத் பெனால்டி கார்னரில் போட்டவை. அந்த இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக்கைக் கற்க ஒருவன் எத்தனை ஆயிரம் தடவை இடுப்பை வளைத்திருப்பான்? அதை அரை விலைக்குத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

கோல்போஸ்ட்டை அகலமாக்குவதும் புதிதில்லை. 2011 இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் அணிக்கு ஒன்பது பேர் என்று ஒரு போட்டி வைத்து, போஸ்ட்டின் அகலத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். அது எங்கும் நிலைக்கவில்லை. போஸ்ட் 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம். அதாவது 12 அடிக்கு 7 அடி. ஒரு கோல்கீப்பர் ஒவ்வொரு அங்குலத்தையும் முதுகுக்குப் பின்னால் கண் வைத்த மாதிரி உணர்ந்து நிற்கிறான். அதை மாற்றினால் நான் அழுவேன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் பிரச்சினை அது இல்லவே இல்லை. போன வருஷ ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு அணியும் சேர்ந்து கோலை நோக்கி அடித்த ஷாட் மொத்தம் ஐந்து. போஸ்ட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வைத்தாலும் ஐந்துக்கு மேல் கோல் விழாது.

இங்கே கொஞ்சம் குளிர் தேசத்துக்குப் போய்வருவோம். 2015 இல் கம்பெனி வேலையாக டொரான்டோவில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். ஸ்கார்பரோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டு மாடியில் வாடகைக்கு. அவர்தான் எனக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, முந்தி இதைப் பாக்க ஏலாது, ஆளை ஆள் பிடிச்சுக்கொண்டு நிப்பாங்கள்" என்பார். அங்கேயும் இதே வியாதி இருந்திருக்கிறது. நடுக்களத்தில் வலை விரித்த மாதிரி நின்று எதிரணியை நகரவிடாமல் செய்வது, கோல்கீப்பர் மெத்தை மாதிரி உறைகளைக் கட்டிக்கொண்டு போஸ்ட்டையே மூடிவிடுவது. 2003-04 இல் என்.எச்.எல். ஆட்டங்களில் இரண்டு அணியும் சேர்ந்து சராசரி ஐந்து கோலுக்குச் சற்று மேல்தான். அடுத்த சீசன் சம்பளத் தகராறில் ஒரு ஆட்டம்கூட நடக்காமல் போனது. அந்த ஓய்வில் உட்கார்ந்து விதிகளைத் திருத்தினார்கள்.

இரண்டு கோடுகளைத் தாண்டி நீளமான பாஸ் கொடுக்கலாம் என்றார்கள். நடுப்பகுதியைச் சுருக்கி, கோல் பக்கத்துப் பகுதிகளை நீட்டினார்கள். கோல்கீப்பர் உறைகளின் அளவைக் குறைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிப்பது, மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது இதற்கெல்லாம் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்த தண்டனையைக் கண்டிப்பாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2005-06 இல் சராசரி ஆறைத் தாண்டியது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் கூடின கோல்களில் பெரும்பங்கு, தண்டனையில் ஆள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது விழுந்தது. ஆட்டக்காரர்கள் பழகிக்கொண்டதும் தண்டனை குறைந்தது, கோலும் சில வருஷத்தில் ஐந்தரை அளவுக்கு இறங்கிவிட்டது. பிறகு மறுபடி உறைகளைச் சுருக்கி, வேகமான பையன்களை இறக்கி, அண்மை ஆண்டுகளில் திரும்ப ஆறைத் தாண்டியிருக்கிறார்கள்.

நம்மில் பாதிப் பேர் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் என்றாலும் இது புரியும். வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டினால் ஊசி ஆடும், பிறகு பழைய இடத்துக்கே வரப் பார்க்கும். ஏனென்றால் கோச் என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்குச் சம்பளமே ஊசியைத் திரும்பக் கொண்டுவருவதற்குத்தான். கால்பந்தில் 1990 உலகக் கோப்பை ஆட்டத்துக்கு 2.21 கோல் என்று வறண்டு கிடந்தது. 1992 இல், சொந்த ஆட்டக்காரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கக்கூடாது என்றார்கள். 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு மூன்று புள்ளி கொடுத்தார்கள். கோல் 2.71 ஆயிற்று. அந்த பேக் பாஸ் விதியை இன்றுவரை எந்தக் கோச்சாலும் ஏமாற்ற முடியவில்லை. நேரத்தை வீணாக்கும் ஒரு வழியையே அது அடைத்துவிட்டது.

ஐந்து பேர் ஆட்டம் பற்றி. 2024 ஜனவரியில் ஓமனில் ஹாக்கி ஃபைவ்ஸ் உலகக் கோப்பையே நடந்தது. பெண்கள் இறுதியில் நெதர்லாந்து நம்மை 7-2 என்று வென்றது. கோலுக்குப் பஞ்சமே இல்லை. ஆள் குறைந்த கல்லூரிகளுக்கு அது நல்ல வழி, தனியாக நடத்தலாம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பதினொன்றுக்குப் பதிலாக அதை வைத்தால், செலக்‌ஷனுக்கு வந்த பதிமூன்று பேரில் எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம். அணியைக் காப்பாற்றக் கிளம்பி அணியையே குறைக்கிற காரியம்.

கோல் எண்ணிக்கையே பெரிசு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2007 செப்டம்பரில் ஆசியக் கோப்பை எழும்பூரில் நடந்தது. நாங்கள் கடைசி வருஷம். லேப் கட்டடித்துவிட்டு பறக்கும் ரயிலில் பார்க் டவுன், அங்கே மாறி எழும்பூர் என்று தினமும் போனோம். இந்தியா அந்தப் போட்டியில் ஐம்பதுக்கும் மேல் கோல் போட்டது. இறுதியில் கொரியாவை 7-2! ஸ்டேடியமே இறங்கி ஆடியது. ஆறே மாதத்தில், 2008 மார்ச்சில், சான்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, அதே இந்தியா பெய்ஜிங் ஒலிம்பிக்ஸுக்கே போகமுடியவில்லை. சின்ன அணிகள் மேல் குவித்த கோல்களை எங்களில் யாருக்கும் இப்போது ஞாபகம் இல்லை.

ஞாபகம் இருப்பது வேறு. 2023 ஆகஸ்ட் 12, அதே ஸ்டேடியம், ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா 3, இந்தியா 1. மூன்றாம் குவார்ட்டரின் கடைசி நிமிஷத்தில் அடுத்தடுத்து இரண்டு கோல், 3-3. ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது ஆகாஷ்தீப் நாலாவது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, கட்டிப் பிடித்துக்கொண்டேன். அறுபது நிமிஷத்தை நாலு குவார்ட்டராக்கியதும் ஒரு விதி மாற்றம்தான். எழுபது நிமிஷத்தில் பத்தைக் குறைத்தும் ஆட்டத்துக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை. ஓய்வு கிடைப்பதால் கடைசிவரை ஓடுகிறார்கள்.

இனி என் பாவமன்னிப்பு. மூன்றாம் வருஷம் மண்டலப் போட்டியில் லீக் ஆட்டம் நம் மைதானத்திலேயே நடந்தது. டிரா செய்தாலே போதும், அடுத்த சுற்று. ஆட்டத்துக்கு முன்னால் நான்தான் எல்லோரையும் கூட்டி, "ஒருத்தனும் அரைக்கோட்டைத் தாண்டாதீங்க, பத்துப் பேரும் டி-க்கு முன்னால நில்லுங்க" என்றேன். கேப்டனுக்கு இஷ்டமில்லை. நான் சீனியாரிட்டி பேசி வாயை மூடவைத்தேன். எழுபது நிமிஷம் சுவர் மாதிரி நின்றோம். 0-0. என்னைத் தோளில் தூக்கினார்கள். அடுத்த நாளே அடுத்த சுற்றில் தோற்றோம், அது கிடக்கட்டும். அந்த லீக் ஆட்டத்தைப் பார்க்க ஹாஸ்டலிலிருந்து முதலாம் ஆண்டுப் பசங்க ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். பாதியில் எழுந்து கிரிக்கெட் நெட்ஸ் பக்கம் போனதை கோல்போஸ்ட்டிலிருந்து நான் பார்த்தேன். அந்த பேட்ச்சிலிருந்து ஹாக்கிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். அதற்கடுத்த வருஷத்திலிருந்துதான் நமக்கு ஆள் பஞ்சம் ஆரம்பம். நான் விதி எதையும் மீறவில்லை. விதி என்னை அப்படி நிற்க அனுமதித்தது, அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை இது. போஸ்ட்டைத் தொடவேண்டாம். கோல் என்றால் ஒன்று. பன்னிரண்டு நிமிஷத்தில் நாலு குவார்ட்டர் ஆடுவோம். ஐம்பதைத் தொட்ட சீனியர்களின் முழங்காலும் அதைத்தான் கேட்கிறது. ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செல்ஃப் பாஸை அம்பயர் தாராளமாக அனுமதிக்கவேண்டும், அஞ்சு மீட்டர் தள்ளி நிற்காதவரை உடனே தண்டிக்கவேண்டும். இதெல்லாம் ஏற்கெனவே உள்ளதுதான்.

புதிதாக ஒன்றே ஒன்று. எந்த நேரத்திலும் ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேராவது எதிரணியின் பாதியில் நிற்கவேண்டும். கிரிக்கெட்டில் முதல் ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இத்தனை பேர்தான் என்று வைத்திருக்கிறார்களே, அதன் ஹாக்கி பதிப்பு. கணக்குப் பார்த்தேன். மைதானம் 55 மீட்டர் அகலம். 22.9 மீட்டர் கோட்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 1,260 சதுர மீட்டர். என்னைப் போன்ற பாவிகள் பதினொரு பேரையும் உள்ளே இறக்கி, எதிரணி எட்டுப் பேர் தாக்க வந்தால் பத்தொன்பது பேர். ஆளுக்கு 66 சதுர மீட்டர். இரண்டு பேர் வெளியே நின்றே ஆகவேண்டும் என்றால் பதினேழு பேர், ஆளுக்கு 74. கூடுவது எட்டு சதுர மீட்டர். தி.நகர் ஃப்ளாட்டில் ஒரு சமையலறை அளவு. ஒரு ஃபார்வர்டு திரும்பி நிற்க அது போதும் என்று நினைக்கிறேன். அதோடு, பந்தைப் பறித்ததும் அடிக்க முன்னால் இரண்டு பேர் தயாராக நிற்பார்கள்.

மீறினால் என்ன? எதிரணிக்கு 22.9 மீட்டர் கோட்டில் ஃப்ரீ ஹிட். பெனால்டி கார்னர் கொடுக்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன், கோடு பார்க்கத் தவறியதற்கு அது பெரிய தண்டனை. இரண்டு பேர் நிற்கிறார்களா என்று பார்க்க அரைக்கோட்டில் ஆளுக்கொரு கொடியோடு இரண்டு மாணவர்கள் போதும். இது பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லாது, தெரியும். நம் வீட்டு ஆட்டத்துக்குத்தான். ஒரு வருஷம் ஆடிப் பார்ப்போம், ஷாட் எண்ணிக்கையை எழுதி வைப்போம். ஐந்திலிருந்து பதினைந்துக்காவது போகவில்லையென்றால் அடுத்த சந்திப்பில் நானே எழுந்து, விதியை எடுத்துவிடுங்கள் என்று சொல்கிறேன்.

ஆட்டம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு. அடையாறு பக்கமிருந்து வருகிறவர்கள் என் வண்டியில் நாலு பேர் ஏறிக்கொள்ளலாம், ஸ்டிக்கை மட்டும் டிக்கியில் போடவேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்களை ஹாஸ்டல் வார்டன் கட்டாயப்படுத்தி அழைத்துவர வேண்டாம், தானாக வரட்டும். பொங்கலும் வடையும் எட்டரைக்கு மேல்தான், முன்னால் கொடுத்தால் யாரும் ஓடமாட்டார்கள். பழைய மாணவர் அணிக்கு கோல்கீப்பர் நான்தான். மாணவர் அணித் தலைவருக்கு இந்த மேடையிலிருந்தே சொல்லிக்கொள்கிறேன்: தம்பி, எனக்கு இடது பக்கம் தாழ்வாக வரும் பந்து எப்போதுமே கொஞ்சம் சிரமம்.